வீடு கட்டுகையில் நேரும் மாற்றங்கள்

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதல் கற்பித்த பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. ஆகவே, மாணவ நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரு பழமொழியிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். 'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணம் பண்ணிப் பார்' என்பர் நம் முன்னோர். செலவைக் கருதியே இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஓய்வு பெற்றபின் சொந்தமாக ஒரு வீடு கட்டிப் பார்த்த பிறகுதான் வேறொரு காரணமும் விளங்கிற்று. இரண்டு காரியங்களிலும் நாம் வகுக்கும் திட்டம் ஒன்று, நடப்பது மற்றொன்று. அவ்வேறுபாட்டைக் கண்டு மனங்கலங்காமல், முறைப்படி சமாளிப்பவனே காரியத்தை முடிக்கிறான்.

வீடு கட்டும்போது ஏற்படும் வேறுபாடுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். நாமாக விரும்பிச் செய்யும் மாற்றங்கள் ஒரு வகை. நம்மைக் கேளாமல் வந்து நிற்கும் எதிர்பாராத நிலைமைகள் மற்றொரு வகை. வரைபடத்தில் பத்தடி அகலமாக இருந்த அறையைப் பன்னிரண்டடியாக்க விரும்புவது முன்னது. மண்ணைத் தோண்டியபோது கீழே பாறையோ பள்ளமோ தென்படுவது பின்னது. முதலில் பின்னதைப் பார்ப்போம்.

என் மனை கோவில்பட்டிக்கு அருகே கரிசற் காட்டில் உள்ளது. கரிசல் மண் பருத்திக்கு நல்லது, கட்டடத்திற்குப் பொல்லாதது. மழைக்காலத்தில் அதிலுள்ள களிமண் நீரை உறிஞ்சி உப்புகிறது. கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. ஆண்டுதோறும் இவ்வாறு ஏறி இறங்கும் மண்மீது ஆழமின்றி அஸ்திவாரம் இட்டால், சுவர்களும் சேர்ந்து அசைந்து, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் விடும். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்திற்கு அஸ்திவாரத்தைக் கொண்டு செல்வதே இதற்குப் பரிகாரம். அடிப்புறம் குமிழ் போலப் பருத்த கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் முறையை, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நிலங்களுக்கென வகுத்து நாடெங்கும் பரப்பியது. எங்கள் மனையில் ஐந்தடி ஆழத்திலேயே கெட்டியான சுக்கான் மண் கிடைத்தமையால், அதன்மேல் கருங்கல் அஸ்திவாரம் இடுவது என்று பொறியாளர் முடிவு செய்தார்.

இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்தது. வானம் தோண்டும் வேலையின் மூன்றாம் நாள், வடக்கு மூலையில் கடப்பாரை எளிதாக இறங்கிற்று. கருமண்ணுக்குப் பதிலாகச் சாம்பலும் ஓட்டாஞ்சில்லும் உடைந்த கல்லும் வெளிவந்தன. அயல்மனையிலிருந்த முதியவர் ஒருவர் வந்து பார்த்து, தம் சிறு பிராயத்தில் அங்கே ஒரு கிணறு இருந்ததாகவும், நீர் வற்றியபின் அதைத் தூர்த்துவிட்டதாகவும் கூறினார். எந்தப் பத்திரத்திலும் அக்கிணறு இல்லை. மனை வாங்குமுன் அம்முதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆவணங்களையெல்லாம் படித்த நான், ஊர்வாயைக் கேட்கத் தவறினேன்.

'மேலே நாலு சட்டி ஜல்லியைப் போட்டு இடித்துவிட்டுக் கட்டிவிடலாம்' என்று அருகிலிருந்தோர் சிலர் யோசனை கூறினர். தூர்த்த மண் பல ஆண்டுகள் சென்றாலும் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் நிற்கும் மூலை மட்டும் தாழ, மற்றப் பகுதி கெட்டி மண்ணில் நிற்க, வீடு இரண்டாகப் பிளக்கும். பொறியாளர் அன்றைய வேலையை நிறுத்தினார். கிணற்றின் இருபுறமும் உறுதியான மண் உள்ள இடத்தில் தூண்கள் எழுப்பி, அவற்றின்மேல் கம்பி கட்டிய கான்கிரீட் உத்திரம் ஒன்றைப் பாலம்போல் இட்டு, அதன்மேல் சுவரை ஏற்றினார். வேலை ஒன்பது நாள் பிந்தியது. எழுபதாயிரம் ரூபாய் கூடுதலாயிற்று. அத்தொகைக்காக, நாங்கள் எண்ணியிருந்த தேக்குக் கதவு வேப்பமரக் கதவாக மாறிற்று. கதவைப் பின்னொரு நாள் மாற்றிக்கொள்ளலாம். அஸ்திவாரத்தை மாற்ற முடியாது. எதிர்பாராத செலவு வரும்போது எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக் கூடாது என்பதற்கு இதுவே அளவுகோல்.

நிற்க. இனி, நாமாகச் செய்யும் மாற்றங்களுக்கு வருவோம்.

மாற்றம் எதுவும் கூடாது என்று நான் சொல்லவில்லை. காகிதத்தில் காணாத பல குறைகள் நிலத்தில் நிற்கும்போது தெரியும். ஆயின் மாற்றத்தின் விலை, அது எப்போது செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வரைபடத்தில் ஒரு சுவரை நகர்த்த அழிப்பான் போதும். தரையில் சுண்ணாம்புக் கோடு இட்டபின் நகர்த்தினால் அரை நாள் வேலை வீண். அஸ்திவாரம் எழுந்தபின் நகர்த்தினால் கல்லும் கூலியும் வீண். மேல்தளம் போட்டபின் நகர்த்த எண்ணினாலோ, பணத்தோடு வீட்டின் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகிறது. ஆதலால், மனையில் கயிறு கட்டி அறைகளைக் குறித்து, அவற்றுக்குள் வீட்டார் அனைவரும் நடந்து பார்த்து, கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, கதவு எப்பக்கம் திறக்கும் என்றெல்லாம் முன்னரே பேசி முடிப்பது நலம்.

இவ்வளவு அறிந்திருந்தும் நான் ஒரு பெரும்பிழை செய்தேன். அதை மறைக்காமல் உங்களிடம் கூறுவதே முறை.

எங்கள் வரைபடத்தில் கூடத்திற்கும் உணவறைக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் ஒன்று இருந்தது. விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வந்தால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவும் படுத்துறங்கவும் இருபதடிக் கூடமாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று எனக்குத் தோன்றிற்று. அச்சுவரை எழுப்ப வேண்டாம் என்று கொத்தனாரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். பொறியாளர் வெளியூர் சென்றிருந்தார். கொத்தனார் சற்றுத் தயங்கி நின்றார். பிறகு 'சரிங்க ஐயா' என்று கூறிப் போய்விட்டார். மற்றச் சுவர்கள் ஜன்னல் உயரத்தைத் தாண்டி எழுந்தன.

நான்காம் நாள் பொறியாளர் வந்தார். அவர் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். 'சார், இந்தச் சுவர் எங்கே?' என்று கேட்டார். நான் என் விருப்பத்தைச் சொன்னேன். அவர் ஒரு செங்கல்லை எடுத்துத் தரையில் கோடு கிழித்து விளக்கியதை அப்படியே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

மேலே வரவிருந்தது ஐந்து அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம். நடுச் சுவர் இருந்தால் தளம் பத்தடிக்கு ஒருமுறை தாங்கப்படும். சுவரை நீக்கினால் இருபதடி தூரத்தைத் தாங்கலின்றிக் கடக்க வேண்டும். தூரம் இரு மடங்கானால் ஆபத்தும் இரு மடங்குதானே என்று எண்ணாதீர்கள். அடிக்கு அடி ஒரே பாரத்தைத் தாங்கும் தளத்தில், இடைத்தூரம் இரு மடங்கானால் அதை வளைக்கும் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். கனம் மாறாதிருந்தால் நடுவில் அது தாழும் அளவு பதினாறு மடங்காகும். ஓர் அளவுகோலின் இரு முனைகளையும் இரண்டு புத்தகங்களின்மேல் வைத்து நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு புத்தகங்களைப் பாதி தூரத்திற்கு நெருக்கி வைத்து மீண்டும் அழுத்துங்கள். வேறுபாடு விரலுக்கே தெரியும்.

'முட்டுகளைப் பிரிக்கும் நாளிலேயே தளம் தாழ்ந்திருக்கும், சார். அன்று தப்பினாலும், கீழே யார் படுத்திருப்பார்கள் என்று நீங்களே சொன்னீர்களே' என்றார் அவர். நான் வாயடைத்து நின்றேன். பேரக்குழந்தைகளுக்காக நான் செய்த மாற்றம், அவர்கள் தலைக்குமேலேயே ஆபத்தாக நின்றிருக்கும். 'விடையைத் திருத்தினால் வழியையும் திருத்து என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தானே' என்றும் அவர் புன்னகையோடு கூறினார். முப்பதாண்டுகள் நான் சிவப்பு மையில் எழுதிய வாக்கியம் அது.

பின்னர்க் கொத்தனாரைத் தனியே அழைத்து, 'அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டேன். 'என் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். உங்களை எதிர்த்து எப்படிங்க ஐயா பேசுவது?' என்றார். இவ்விடை என்னை மிகவும் வருத்திற்று. மரியாதை ஒருவரது வாயை அடைக்குமானால், அது கட்டடத்திற்கு நல்லதன்று, பள்ளிக்கூடத்திற்கும் நல்லதன்று. என் வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் என் பிழையைக் கண்டும் வாளாவிருந்தனரோ என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். முடிவில், எட்டடிச் சுவரைக் கட்டி, மீதி இடத்தை உத்திரம் தாங்கும் திறப்பாக விட்டோம். கூடமும் உணவறையும் பாதி சேர்ந்தும் பாதி பிரிந்தும் உள்ளன. குழந்தைகளுக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஒளிந்து விளையாடச் சுவர் வேண்டுமல்லவா?

இத்தகைய தடுமாற்றம் உலகப் புகழ்பெற்ற வீடுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் அருவியின்மேல் கட்டப்பட்ட 'ஃபாலிங்வாட்டர்' என்னும் இல்லத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஃபிராங்க் லாய்டு ரைட் என்னும் கட்டடக் கலைஞர், எட்கர் காஃப்மன் என்னும் வணிகருக்காக 1935ஆம் ஆண்டில் அதை வரைந்தார். 1937இல் முதன்மை வீடு முடிந்தது. அங்கே நல்ல மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. கணப்புக்கு முன்னிருந்த இயற்கைப் பாறையைத் தரைமட்டமாகச் செதுக்க ரைட் எண்ணியிருந்தார். பாறை அப்படியே இருக்கட்டும் என்று காஃப்மன் கருதினார். இன்றும் அப்பாறை அவ்வீட்டினுள் அப்படியே நிற்கிறது.

தீய நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. அருவியின்மேல் தாங்கலின்றி நீண்டு நிற்கும் கான்கிரீட் முற்றத்திற்கு வரைபடத்திலிருந்த கம்பி போதாது என்று காஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள் கருதினர். கம்பியின் அளவு ரைட்டுக்குத் தெரியாமல் இரு மடங்காக்கப்பட்டது. அதையறிந்த அவர் கடுஞ்சினம் கொண்டார். கலைஞரும் பொறியாளரும் ஒருங்கே அமர்ந்து கணக்கைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில், மறைவும் சினமும் புகுந்தன. முட்டுகளை எடுத்தவுடனேயே முற்றம் தாழத் தொடங்கிற்று. பல பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ ஏழு அங்குலம் வரை தாழ்ந்துவிட்டது. கூட்டிய கம்பியும் போதாது என்றும், பழைய அளவிலேயே விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் பிற்கால ஆய்வு காட்டிற்று. 2002ஆம் ஆண்டில் உறுதியான எஃகு வடங்களைச் செலுத்தி இழுத்துக் கட்டி அதைக் காப்பாற்றினர். 2019இல் அவ்வீடு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம் பெற்றது. மேதையின் வரைபடமும் மறுபரிசீலனைக்கு உரியதே. ஆனால் அம்மறுபரிசீலனை வெளிப்படையாக நடைபெற வேண்டும்.

என் பிழைக்குப் பிறகு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, 'மாற்றப் பதிவேடு' என்று பெயரிட்டேன். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டு எழுதி, அதன்கீழ் மூன்று வினாக்களுக்கு விடை எழுதாமல் வேலை தொடங்குவதில்லை என்று விதி செய்தோம். இம்மாற்றம் வேறு எவற்றைத் தொடுகிறது? எத்தனை ரூபாயும் எத்தனை நாளும் கூடும்? யார் யார் ஒப்ப வேண்டும்? சுவரை நகர்த்தினால் மேலே தளத்தையும், உள்ளே மின்குழாயையும், கீழே கழிவுநீர்க் குழாயையும் அது தொடும். அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து மாறினால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பதையும் பார்க்க வேண்டும். பதிவின்கீழ் நான், பொறியாளர், கொத்தனார் ஆகிய மூவரும் கையொப்பமிட்டோம். கையொப்பமிடும் உரிமை பெற்றபின் கொத்தனார் தம் கருத்தை அஞ்சாமல் கூறத் தொடங்கினார். சமையலறை மேடையின் உயரத்தை இரண்டு அங்குலம் குறைக்கச் சொன்னவர் அவரே. என் மனைவியார் நாள்தோறும் அவரை வாழ்த்துகிறார்.

இன்னும் சில குறிப்புகள் உண்டு. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கி, அழகுப் பொருள்களுக்காக அதைத் தொடாதிருத்தல் வேண்டும். பூச்சு வேலைக்கு முன் சுவரிலுள்ள குழாய்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் ஆணியடிக்கும்போது கவலையில்லை. பிந்திய நாள்களை ஈடுகட்ட முட்டுகளை முன்னதாகப் பிரிக்கலாகாது. நான்கரை மீட்டர் வரை இடைத்தூரமுள்ள தளத்திற்கு ஏழு நாளும், அதற்கு மேற்பட்டதற்குப் பதினான்கு நாளுமேனும் முட்டு இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை 456 பொதுவாக வகுத்துள்ளது. இழந்த நாளைக் கான்கிரீட்டிடமிருந்து கடன் வாங்க முடியாது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். பலர் வீடு கட்டுவீர்கள். பெரியவர் ஒருவர் தவறாக ஒன்றைச் சொல்லக் கேட்டால், பணிவோடு, ஆனால் தவறாமல், 'இந்தச் சுவர் எங்கே?' என்று கேளுங்கள். அவ்வாறு கேட்ட ஒரு பழைய மாணவரால்தான் இன்று என் பேரக்குழந்தைகள் அந்தக் கூடத்தில் அச்சமின்றி உறங்குகிறார்கள்.