தைலமரத் தழையும் வாலையும்

புதுக்கோட்டை ஜில்லாவில் தைலமரத்தை அறியாத குடியானவர் இல்லை. வெட்டுக்கு வந்ததும் கட்டை காகித ஆலைக்குச் செல்கிறது. தழை கொல்லையிலேயே காய்கிறது. அதை வாலையிலிட்டு வடித்தால் பணமாகாதா எனச் சிலர் வினவுகின்றனர்.

ஒரே தாவரத்தின் அங்கங்கள் யாவும் ஒரே எண்ணெயைத் தருவதில்லை. இலங்கைக் கறுவாவில் பட்டையெண்ணெயில் சின்னமால்டிஹைடும், இலையெண்ணெயில் யூஜினாலும், வேர்ப்பட்டை எண்ணெயில் கர்ப்பூரமும் மிகுந்திருக்கும். தைலமரத்திலோ எண்ணெய்ப் பைகள் இலையிலேயே நிறைந்துள்ளன; கட்டையை வடிப்பது வீண் செலவு.

இலையும் ஜாதிக்கு ஜாதி வேறுபடும். நீலகிரியில் வடிக்கப்படும் குளோபுலஸ் இலைத் தைலத்தில் சினியோல் மிகுதி. எலுமிச்சை மணமுள்ள சிட்ரியோடோரா இலையில் சிட்ரோனெல்லால் மிகுதி. அது வாசனைச் சரக்குக்கே ஏற்றது. மருந்துக்கான தைலத்தில் சினியோல் 100க்கு 70 பங்குக்குக் குறையலாகாதென்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி. இந்த ஜில்லாவில் பயிராகும் மரங்களோ கட்டைக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டவை.

ஆகையால் வாலைக்கு முதல் போடுமுன், ஜாதி கலவாத தழை மாதிரியை ரசாயனப் பரீட்சைக்கு அனுப்புதல் நலம். எண்ணெய் எவ்வளவு, அதில் சினியோல் எவ்வளவு என்னும் இரு கணக்கும் தெரிந்த பின்னரே துணியவேண்டும். மரத்தின் பெயரை நம்பிக் கடன்படலாகாது.