தூரத்தைப் பார்க்கும் கண்

மனித உருவ ரோபோவைப் படியேற வைப்பது லேசான வேலை அல்ல. சாதாரண கேமரா படியின் நிறத்தையும் வடிவத்தையும் காட்டும். விளிம்பு எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது, காலை எவ்வளவு தூக்க வேண்டும் என்பது அந்தப் படத்தில் நேரடியாகக் கிடைக்காது. அதற்குத்தான் ஆழம் அறியும் கேமரா.

சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஜி1 ரோபோவின் தலையில் ரியல்சென்ஸ் டி435 வகைக் கேமரா இருக்கிறது. அதில் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு அகச்சிவப்புக் கேமராக்கள். கட்டை விரலை முகத்துக்கு முன் நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள்: விரல் இடம் பெயர்வதுபோலத் தெரியும். விரலைத் தள்ளிப் பிடித்தால் பெயர்ச்சி குறையும். இரண்டு படங்களுக்கும் இடையிலான இந்தப் பெயர்ச்சியை ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிட்டு, கேமரா தூரத்தைச் சொல்லிவிடுகிறது.

வெறும் வெள்ளைச் சுவர் எதிரே வந்தால் சிக்கல். எந்தப் புள்ளிக்கு எது ஜோடி என்று பிடிக்க அதில் அடையாளமே இல்லை. டி435 இதைச் சமாளிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளைச் சுவரில் வாரி இறைத்து, இல்லாத அடையாளத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆனாலும் தூரம் இரட்டிப்பானால் பிழை நான்கு மடங்காகும். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கோப்பையை எடுக்க இந்தக் கேமரா போதும். தொலைவைப் பார்க்க, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரையும் ஜி1 வைத்திருக்கிறது.

பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் அட்லஸ் ரோபோ 2021இல் தடைப்பலகைகள் மேல் தாவி ஓடியபோது வேறு முறையைப் பயன்படுத்தியது. ஒளியை அனுப்பி, அது திரும்பி வர ஆகும் நேரத்திலிருந்து தூரத்தை அறியும் கேமரா அது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போய்விடும் என்பதை நினைத்தால், இந்த அளவீட்டின் நுட்பம் புரியும். விநாடிக்கு 15 முறை கிடைத்த, தூரம் அளந்த புள்ளிகளின் கூட்டத்திலிருந்து தட்டையான பரப்புகளைப் பிரித்தெடுத்து, எங்கே கால் வைப்பது என்று அட்லஸ் முடிவு செய்தது.

கண்ணாடிக் கதவு இரு முறைகளையும் ஏமாற்றும். ஒளி ஊடுருவியோ வேறு திசையில் தெறித்தோ போய்விடும். கறுத்த பரப்பிலிருந்து போதிய ஒளி திரும்பாது. அப்போது ஆழப் படத்தில் ஓட்டைகள் விழும். அதனால் கணினிப் பாவனை உலகில் ரோபோவுக்கு நடை பழக்கும்போதே, ஆய்வாளர்கள் அந்த ஓட்டைகளையும் இரைச்சலையும் வேண்டுமென்றே படத்தில் கலக்கிறார்கள். குறைபட்ட படத்தை வைத்தே அடுத்த அடியை எடுத்துவைக்க ரோபோ அங்கே பழகிக்கொள்கிறது.