தாளைப் பார்த்தே குறையைச் சொல்லலாம்

கடந்த மாரியில் விவசாயி ஒருவர் தமது வயற்காணி விபரங்களைப் படிவமொன்றில் அச்சிட்டுக்கொண்டு காரியாலயம் சென்று, வெறுங்கையுடன் திரும்பினார். தாளில் மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கோடொன்று ஓடியிருந்தது. அது அனுமதிப்பத்திர இலக்கத்தின் 8 ஐ இடப்புறமாகத் தின்று 3 ஆக்கிவிட்டது. அந்த இலக்கத்தில் அவருக்குக் காணியில்லை. இரண்டு பஸ் மாறிப் போன செலவும் ஒரு நாட்கூலியும் நட்டம். ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் காணி இப்போது கடதாசியில்தான் இருக்கின்றது. எனவே சங்கக் கட்டடத்தில் பிரிண்டரை இயக்கும் பிள்ளைகளும் அங்கு படிவம் எடுப்போரும் அதன் போக்கைச் சற்று அறிந்திருத்தல் நன்று.

சங்கங்களில் பெரும்பாலும் காணப்படுபவை சிறிய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்கள். இவற்றில் திரவ மை கிடையாது. ரோனர் எனப்படுவது நுண்ணிய பிளாஸ்ரிக் தூள். லேசர் ஒளி உள்ளே சுழலும் உருளையில் எழுத்தை வரைகின்றது. அவ்விடத்தில் தூள் ஒட்டித் தாளுக்கு மாறுகின்றது. கடைசியில் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் உருகித் தாளுடன் பிணைகின்றது.

வெள்ளைக் கோடு விழுந்தால் ரோனர் பெட்டியைக் கழற்றி, கிடையாகப் பிடித்து, சுளகை அசைப்பதுபோலப் பக்கவாட்டில் ஐந்தாறு தடவை மெதுவாக அசைக்கவும். ஒரு பக்கம் ஒதுங்கிய தூள் பரவும். பெட்டியை வெளிச்சத்தில் வைத்திருக்க வேண்டாம், உருளை பழுதாகும். புதிய பெட்டி போட்டும் அதே இடத்தில் கோடு விழுந்தால், லேசர் ஒளி வரும் கண்ணாடியில் தூசு படிந்திருக்கலாம். அதைத் திருத்துபவரிடம் விடவும்.

ஒரே கறை சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். பல சிறிய பிரிண்டர்களில் இடைவெளி 75 மில்லிமீற்றர் அளவாயின் உருளையில் காயமென்று கொள்ளலாம். உருளை ரோனர் பெட்டியோடு சேர்ந்திருக்குமாயின் பெட்டியை மாற்றினாற் போதும். புது பிரிண்டர் வாங்கச் சொல்பவரை நம்பிக் காசை இழக்க வேண்டாம்.

விரல் பட்டதும் எழுத்து உதிர்ந்தால் சூடு போதவில்லை. தாள் தடித்ததாகவோ ஈரமாகவோ இருக்கும்.

ஈரந்தான் எமது பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் கட்டுப் பிரித்துத் திறந்தபடி விட்ட தாள் காற்றின் ஈரத்தைக் குடித்து வளையும், ஒன்றோடொன்று ஒட்டும், உள்ளே போய்ச் சிக்கும். காயாத நெல்லை மூட்டை கட்டமாட்டோம். தாளுக்கும் அதே கவனந்தான். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, மிகுதியை உறையோடு இறுக மூடி, நிலத்தில் படாமல் வைக்கவும். சிக்கிய தாளை எடுக்குமுன் மின்சாரத்தை நிறுத்திச் சூடு ஆற விடவும். பின் இரு கைகளாலும் பிடித்து, தாள் போகும் திசையிலேயே மெதுவாக இழுக்கவும். கிழிந்த துண்டொன்று உள்ளே தங்கினால் அடுத்த தாளும் சிக்கும். தாளே உள்ளே போகாவிட்டால், தாளை இழுக்கும் றப்பர் உருளையில் புழுதி படிந்திருக்கும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு இயக்கவும்.

தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால் பிரிண்டரைத் திட்ட வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்திருப்பீர்கள். யூனிகோட்டில் அடித்தால் இத்தொல்லை குறைவு. பீடிஎப் ஆகச் சேமித்துக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

மின்வெட்டுக்கென வைத்திருக்கும் சிறிய யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் செருக வேண்டாம். சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது.

அச்செடுத்தபின் ஒருவர் மூலப்பத்திரத்தை உரத்து வாசிக்க, மற்றவர் படிவத்தில் ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்கட்டும். பிரதியைப் பளபளப்பான பிளாஸ்ரிக் உறையில் வைப்பதாயின் மேலே ஒரு வெற்றுத் தாளையும் சேர்த்து வைக்கவும். சில உறைகளில் கூரைத் தகரத்தின் சூட்டுக்கு எழுத்து தாளைவிட்டு உறையில் ஒட்டிக்கொள்ளும்.