கடைச் சரக்கும் நம் தோலும் – 9: மீன் மேல் விழும் பழி

சாம்பல்தீவில் ஒருவருக்கு முகம் வீங்கினால் முதலில் விசாரணைக்கு வருவது மீன்தான். "நேற்று என்ன கறி?" என்பார்கள். றால், நண்டு, கணவாய் என்று பதில் வந்தால் தீர்ப்பு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கடலோடு பிழைக்கும் ஊரில் அது இயல்பு. ஆனால் எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒரு கலியாண வீட்டில் அந்தப் பழி மீனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

பெண்ணின் தாய் எனக்கு மாமி முறை. வெள்ளிக்கிழமை கலியாணம். புதன்கிழமை பின்னேரம் தலைக்கு டை போட்டிருக்கிறார். வியாழன் மத்தியானம் காதோரம் கடி, பிடரியில் எரிவு. நுளம்புக்கடி என்று விட்டுவிட்டு, வந்த சனத்துக்குச் சமைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெள்ளி விடிய எழும்பினால் கண் திறக்க முடியவில்லை.

நான் போனபோது திண்ணையில் சாய்ந்திருந்தார். நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்தை ஒட்டி விரல் அகலத்துக்குச் சிவந்த பட்டை, அதன் மேல் கடுகளவு கொப்புளங்கள். காதுமடல்கள் இரண்டும் தடித்து, மஞ்சள் நீர் கசிந்து தலையணை உறையில் காய்ந்து ஒட்டியிருந்தது. இமைகள் நீர் கோத்து, கண் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும். உச்சந்தலையில் பெரிதாக ஒன்றுமில்லை.

வீட்டில் மூன்று கட்சி. மகன் றால் என்றான். ஒரு பெரியம்மா, "அம்மாள் வருத்தம், வேப்பிலை எடுங்கோ" என்று சல்லி முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்தார். கலியாணப் பெண்தான் கேட்டாள்: "அம்மா, புதன்கிழமை டை போட்டனீங்கள்தானே?"

"அது பத்துப் பன்னிரண்டு வருசமாப் போடுறன் பிள்ளை. அதுக்கும் இதுக்கும் என்ன?"

இந்த வாரக் கட்டுரை முழுக்க மாமியின் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நரையைக் கறுப்பாக்கும் நிரந்தர டைகளில் பெரும்பாலானவற்றில் பரா-பினைலீன்டையமீன் என்ற பொருளோ அதன் நெருங்கிய உறவோ இருக்கும். சுருக்கமாகப் பிபிடி. 1863இல் வேதியியலாளர் ஹொஃப்மன் விவரித்த பொருள் இது. 1907இல் பாரிசில் ஒய்ஜென் ஷுவெல்லர் என்ற இளம் வேதியியலாளர் செயற்கைத் தலைமயிர்ச் சாயம் ஒன்றைத் தயாரித்து சலூன்களுக்கு விற்றார். இரண்டு வருடத்தில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய லோரியல். அந்தக் காலம் தொட்டு இன்றுவரை நல்ல கறுப்புக்கு இந்த இரசாயனக் குடும்பத்தை முழுதாக வெல்லும் மாற்று வரவில்லை.

அதன் திறமையும் ஆபத்தும் ஒன்றே. பிபிடி மிகச் சிறிய மூலக்கூறு. நிறமில்லாமல் மயிருக்குள் நுழைந்து, அங்கே ஒட்சியேற்றம் அடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கறுப்பு மூலக்கூறாக மாறி, வெளியே வர முடியாமல் தங்கிவிடும். அதனால்தான் கழுவினாலும் நிறம் போவதில்லை. முழுதாகக் கறுத்து முடிந்த சாயம் அவ்வளவு பொல்லாதது அல்ல. பாதி மாறிய நிலையில் தோலுக்குள் புகுந்து நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் துணுக்குகள்தான் வில்லங்கம். நம் உடலின் காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்கின்றன.

இந்தக் குறித்துவைப்பு எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் முறையிலும் நடக்கலாம், நூறாவது முறையிலும் நடக்கலாம். நடக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே பொருள் பட்டதும் காவல் அணுக்கள் திரண்டு வருகின்றன. ஆகவே "இவ்வளவு காலம் பாவிச்ச சாமான்தானே" என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல. ஒவ்வொரு முறையும் தோலுக்கு இன்னொரு அறிமுகம் நடக்கிறது, அவ்வளவுதான். குறித்துக்கொண்ட பிறகு உடல் அதை மறப்பதும் அரிது. பெரும்பாலும் ஆயுள் முழுக்க நினைவு வைத்திருக்கும்.

இனி மீனுக்கு வருவோம். இங்கே உதவுவது மணிக்கூடு. றால், நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தடிப்பும் கடியும் வந்துவிடும். வெயிலில் கிடந்த சூரையோ கும்பளாவோ தின்றால் வரும் முகச்சிவப்பு வேறு கதை. ஐஸ் இல்லாமல் வைத்த மீனில் பக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹிஸ்டமின் அதற்குக் காரணம். அதுவும் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். டை அப்படியல்ல. காவல் அணுக்கள் திரண்டு வர நேரம் எடுக்கும், வழக்கமாக ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை. புதன் பூசியது வெள்ளி வெடிப்பது அதனால்தான். நடுவில் சாப்பிட்ட அத்தனை கறியும் சந்தேகத்துக்கு ஆளாவதும் அதனால்தான்.

இடமும் சாட்சி சொல்லும். உச்சந்தலைத் தோல் தடிப்பானது, தாங்கும். இமை, காது, கழுத்து, நெற்றியோரம் எல்லாம் மெல்லிய தோல். கழுவும்போது வழியும் நீரும் வியர்வையும் சாயத்தை அங்கே கொண்டுபோகின்றன. தலையில் பூசியது இமையில் தெரிவதும், உச்சந்தலை தப்பிவிடுவதும் இதனால்தான். ஆண்களுக்கு மீசை தாடி ஓரத்தில் தொடங்கும். பெரியம்மா சொன்ன அம்மாள் வருத்தம், அதாவது கொப்பளிப்பான் என்றால் காய்ச்சல் வரும், கொப்புளம் உடம்பில், முதுகில், நெஞ்சிலெல்லாம் சிதறிக் கிளம்பும். நெற்றியைச் சுற்றிக் கோடு கிழித்ததுபோல் வந்து நிற்காது. அம்மனுக்கு நேர்த்தி வைப்பதில் பிழையில்லை. நேர்த்தி வைத்த கையோடு வைத்தியசாலைக்கும் போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்தப் பொருளின் பெயரில் பெரிய அழிவு ஒன்றும் பதிவாகியிருக்கிறது. 1933இல் அமெரிக்காவில் "லாஷ் லூர்" என்ற இமைமயிர்ச் சாயம் விற்பனையில் இருந்தது. அதைப் பூசிய ஒரு பெண்ணின் கண் பார்வை போனது. இன்னொருவர் இறந்தார். அந்த நாட்டின் உணவு மருந்து அதிகாரிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, காரணம் 1906ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் அழகுப் பொருட்கள் வரவேயில்லை. பார்வை இழந்த பெண்ணின் முன்-பின் படங்களை அவர்கள் கண்காட்சியில் மாட்டி மக்களுக்குக் காட்டினார்கள். 1938இல் புதிய சட்டம் வந்தது. அதன் கீழ் முதலில் கைப்பற்றப்பட்ட சரக்கு லாஷ் லூர்தான். ஆனால் அதே சட்டம் தலைமயிர்ச் சாயத்துக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது: எச்சரிக்கை அச்சிட்டு, பூச முன் சோதிக்கும் முறையையும் சொன்னால் விற்கலாம். நம் பெட்டிக்கடைச் சிறு பொதிகளின் பின்னால் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சாகியிருக்கும் எச்சரிக்கைக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. இமைக்கும் புருவத்துக்கும் தலை டையைத் தொடவே கூடாது என்பதும் அந்தப் பெண்கள் கண்ணைக் கொடுத்து எழுதிய பாடம்.

ஐரோப்பாவில் ஜெர்மனியும் பிரான்சும் சுவீடனும் கடந்த நூற்றாண்டில் தலை டையில் பிபிடியைத் தடை செய்தே வைத்திருந்தன. இன்று ஐரோப்பிய ஒன்றியம் அதை அனுமதிக்கிறது, ஆனால் தலையில் பூசும் கலவையில் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பொதியில் இன்னொரு எச்சரிக்கையும் கட்டாயம்: கறுப்பு மருதோன்றியால் தற்காலிகமாகப் பச்சை குத்துவது ஆபத்தைக் கூட்டும் என்பது.

அந்த எச்சரிக்கையைப் படித்தபோது எனக்கு டையைவிடக் கறுப்பு மருதோன்றிதான் பெரிய கவலையாகப் பட்டது. மருதோன்றி இலையில் இருக்கும் சாயம் லோசோன். அது செம்மஞ்சளாகத் தொடங்கி, ஒரு நாள் இரண்டு நாளில் செங்கபிலமாக முதிரும். அதற்கு மேல் போகாது. அரைத்து, இரவு முழுக்கக் கையில் கட்டிவைத்துப் படுத்தவர்களுக்கு இது தெரியும். அரை மணித்தியாலத்தில் கரிக் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அங்கே பிடிப்பது இலை அல்ல, அநேகமாகப் பிபிடி. தலை டைக்கு 2 சதவீதம் என்று அளவு வைக்கிறார்கள். கறுப்பு மருதோன்றிப் பசையில் அதைவிடப் பல மடங்கு இருந்ததை உலகின் பல ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன. அதுவும் மயிரில் அல்ல, நேரே தோலில். எகிப்து, துருக்கி போன்ற நாடுகளின் கடற்கரைகளில் குழந்தைகளின் கையில் வரைந்த படம் அப்படியே கொப்புளமாக எழும்பிய கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய. சில பிள்ளைகளுக்கு அப்போது ஒன்றும் ஆகாது. ஆனால் உடல் குறித்து வைத்துவிடும். இருபது வருடம் கழித்து முதல் நரைக்கு முதல் டை பூசும் நாளில், காரணம் என்னவென்றே தெரியாமல் முகம் வீங்கும்.

உப்புவெளி முதல் நிலாவெளி வரை வெளிநாட்டார் வந்துபோகும் கரை நம்முடையது. கிண்ணியாவிலும் மூதூரிலும் பெருநாள் என்றால் மருதோன்றி, நம் கலியாண வீடுகளிலும் இப்போது மருதோன்றி. பிள்ளையின் கையை நீட்டக் கொடுக்க முன், "எவ்வளவு நேரத்தில் கறுக்கும்?" என்று கேளுங்கள். உடனே கறுக்கும் என்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

டை போடுவதை விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நரைத்த தலையோடு வேலை கேட்டுப் போகிறவரின் சங்கடம் எனக்குத் தெரியும். சபையில் நல்லபடியாக நிற்க ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் பொதி சொல்லும் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்: 48 மணித்தியாலத்துக்கு முன் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறு பொட்டளவு. அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. ஆனால் சிறு பொட்டு எரிவது முகம் முழுக்க எரிவதை விட நல்லது. "அமோனியா இல்லை" என்றால் பிபிடி இல்லை என்று அர்த்தமல்ல, இரண்டும் வேறு வேறு. "ஹெர்பல்", "கறுப்பு ஹென்னா" என்று இலைப் படம் போட்ட பொதியிலும் இருக்கலாம். 1,4-டையமினோபென்சீன் என்று எழுதியிருந்தாலும் அது இதேதான். ஒருமுறை முகம் வீங்கியவர் வேறு கம்பனி டைக்கு மாறிப் பார்ப்பது நெருப்போடு விளையாட்டு.

எரியத் தொடங்கினால் முதலில் நிறையத் தண்ணீர், மென்மையான ஷாம்பூ. நகம் படாமல் பலமுறை கழுவுங்கள். பிறகு சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து ஒத்தடம். தேசிக்காய், மஞ்சள், தைலம், பாம் எதுவும் வேண்டாம், வெந்த தோலை அவை மேலும் வேகவைக்கும். பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கலந்த கிறீமை முகத்தில் நீங்களாகப் பூச வேண்டாம். அந்த மருந்து தேவைப்படலாம், ஆனால் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். மூச்சு இழுத்தால், நாக்கோ தொண்டையோ தடித்தால், தலை சுற்றி விழப் பார்த்தால் பேச்சே வேண்டாம், 1990 சுவசெரிய அம்புலன்ஸ். அது இலவசம்.

மாமியைத் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் மருந்தெடுத்துக்கொண்டு வந்தார்கள். முகூர்த்தத்துக்கு வந்துவிட்டார். படம் எடுக்க மட்டும் வரமாட்டேன் என்று கடைசிவரை நின்றுவிட்டார். வீக்கம் வற்றிய பிறகு தோல் வைத்தியரின் கிளினிக்கில் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். வசலினில் கலந்த 1 சதவீதப் பிபிடியை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மேலும் இரண்டு நாளில் இன்னொரு தடவை பார்ப்பார்கள். சிவந்து தடித்தால் விடை கிடைத்தது. அந்த விடையை ஒரு துண்டில் எழுதி வாங்கி வைத்திருங்கள். பல் பிடுங்கவோ தையல் போடவோ போகும்போது காட்டுங்கள், ஏனென்றால் பென்சொகெயின் போன்ற சில விறைப்பு மருந்துகளும் இதே குடும்பத்து உறவுகள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் அழகுப் பொருட்கள் என்பதே முதல் சொல்லாக இருந்தது. அதை நீக்கி வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் மருந்துகள் மட்டுமே நிற்கின்றன. பூசுகிற பொருளுக்கும் விழுங்குகிற பொருளுக்குச் சமமான கண்காணிப்பு வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்பது தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. எனவே ஒரு வேண்டுகோள்: எரிந்ததும் கோபத்தில் பொதியைக் குப்பையில் எறிய வேண்டாம். பொதியையும் வாங்கிய பற்றுச்சீட்டையும் எடுத்து வையுங்கள். பொதியை வைத்தியருக்குக் காட்ட வேண்டும். பொருட்பட்டியலே இல்லாத பொதி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977இல் அழைத்து முறையிடுங்கள்.

அடுத்த வாரம்: இறப்பர் செருப்பு.