கடையில் படம் போட்டுக் காட்டினால் விற்பனை கூடுமா?



நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்துக் கண்காட்சிக்கும், மயிலாப்பூர், அடையாறு பக்கம் கடை போடவும் போய்வந்த குழுக்கள் கேட்கும் கேள்வி இது. "தி.நகர் பெரிய கடைகள்ல நுழைஞ்சதும் திரையில விளம்பரம் ஓடுது. நாமளும் புரொஜெக்டர் வச்சு நம்ம பொருளைக் காட்டினா என்ன?" காட்டலாம். ஆனால் பொது நிதியில் கை வைக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன நவராத்திரிக்கு மயிலாப்பூர் மாட வீதி அருகே ஒரு குழு மூன்று நாள் ஊறுகாய்க் கடை போட்டது. நாளுக்கு 1,500 ரூபாய் வாடகையில் புரொஜெக்டர் எடுத்தார்கள். நானும் சரி என்றுதான் சொன்னேன். பகல் முழுக்க சுவரில் வெளிறிப்போன படம், ஒன்றும் புரியவில்லை. இருட்டிய பிறகு நன்றாகத் தெரிந்தது. சினிமாப் பாட்டும் சேர்ந்து ஓடியதால் கூட்டம் கூடியது. ஆனால் வேடிக்கை பார்த்தவர்கள் வழியை அடைத்துக்கொண்டார்கள், வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மூன்று நாள் வாடகை 4,500 ரூபாய். பாட்டிலுக்கு 30 ரூபாய் லாபம் என்றால், 150 பாட்டில் கூடுதலாக விற்றால்தான் வாடகையே தேறும். யோசிக்காமல் தலையாட்டியதில் என் தவறும் உண்டு.

பகலில் ஏன் தெரியவில்லை?

புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும், இருட்டை வீச முடியாது. சுவர் எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் படத்தில் கறுப்பு வரும். சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைப்பது இதனால்தான்.

அடுத்தது தூரம். கருவியை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் படம் அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்காகும். அதே வெளிச்சம் நாலு மடங்கு இடத்தில் பரவுவதால் கால் பங்காக மங்கிவிடும். ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க இழுத்தால் தோசை மெலிசாகிற மாதிரிதான்.

இந்த வெளிச்சத்தை 'லூமென்' என்ற அளவால் சொல்வார்கள். விளக்கு எரிகிற கடைக்கு 3,000 லூமெனாவது வேண்டும். மலிவான சின்னக் கருவிகளின் பெட்டியில் பெரிய எண் போட்டிருக்கும். 'ஆன்சி லூமென் எவ்வளவு?' என்று கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன், கடை போடும் இடத்திலேயே, வியாபாரம் நடக்கும் நேரத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பகல் வியாபாரம்தான் அதிகம் என்றால் டிவிப் பெட்டியே நல்லது.

கருவியைத் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள், ஆள் நிழல் விழாது. படம் வாசலில் வேண்டாம், உள்சுவரில் விழட்டும்.

எதைக் காட்டுவது?

இரண்டு நிமிடம் போதும். விலை, ஊர்ப் பெயர், செல் நம்பர் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

1. சினிமாப் பாட்டு வேண்டாம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வியாபாரத்துக்காகப் பாட்டுப் போட உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு விலக்கு உண்டு, கடைக்கு இல்லை. நம் சகோதரிகளே பேசட்டும், அல்லது அவர்களுக்குத் தெரிந்த நடவுப்பாட்டைப் பாடட்டும்.

2. "இந்தக் கஞ்சி குடிச்சா சர்க்கரை நோய் தீரும்" என்று ஆர்வத்தில் சொல்லிவிடாதீர்கள். உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால், 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

3. படத்தில் வரும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேளுங்கள். "எங்க வீட்டுல ஒத்துக்கமாட்டாங்க" என்று ஒரு சகோதரி சொன்னால் வற்புறுத்தக் கூடாது. கைகளை மட்டும் எடுக்கலாம். சம்மதத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

அந்த மயிலாப்பூர்க் கடைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் பாட்டை நிறுத்தினோம், படத்தை உள்சுவருக்கு மாற்றினோம். ஊரில் மாங்காய் நறுக்கியபோது செல்போனில் எடுத்த படத்தை மட்டும் ஓட்டினோம். அதில் இருந்த குழுவின் மூத்த அக்காதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "இது நீங்கதானாம்மா?" என்று கேட்டு, நின்று பேசி, வாங்கிப் போனார்கள். முழு வாடகையும் திரும்பவில்லை. ஆனால் மூன்று நாளில் அன்றுதான் அதிகம் விற்றது.

பெரிய கடையின் திரையில் வருகிற நடிகை அந்தக் கடையில் நிற்கமாட்டார். நம் கடையில் செய்தவரே நிற்கிறார். அந்தப் பலம் இருக்கும்போது வாடகைக் கருவி அவசியமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். வாடகையைப் பாட்டில் லாபத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணிக்கையை விற்க முடியும் என்று குழு முழுவதும் நம்பினால் மட்டும் தீர்மானம் போடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள்.