போடியில எங்கே சாப்பிடலாம்? முதல்ல மணியைப் பாருங்க!

மூணாறு ட்ரிப் போகிறவர்களில் பலர் போடிநாயக்கனூரில் வண்டியை நிறுத்துவதே பெட்ரோலுக்கும் வாட்டர் பாட்டிலுக்கும்தான். சாப்பிடலாம் என்று இறங்குபவர்களும் மொபைலில் தேடி, நாலு ஸ்டாருக்கு மேல் இருக்கிற ஏ.சி ஹோட்டலாகப் பார்த்து உட்கார்ந்து, ஃப்ரைடு ரைஸை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தப்பே இல்லை. ஆனா, அந்த ஃப்ரைடு ரைஸ் தாம்பரத்துலயே கிடைக்குமே பாஸ்!

போடியில் எந்தக் கடையில் சாப்பாடு நல்லா இருக்கும் என்பது, நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே போய் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குக் காரணம், ஜீப்.

ஜீப்புக்கு முன்னால் இட்லி

ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதி மலைக்கு மேலே, கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் கேரளாவோடு போய்விட்டன. தோட்டம் அந்தப் பக்கம், காய் பறிக்கிற கைகளில் பாதி இந்தப் பக்கம். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் என தேனி மாவட்டத்தின் அடிவார ஊர்களிலிருந்து தினமும் விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்குப் போய், வேலை முடித்து, சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள்.

ஊர் இன்னும் இருட்டாக இருக்கும்போதே ஜீப் நிற்கும் இடங்களைச் சுற்றி டீ பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். ஆவி பறக்க இட்லி இறங்கும், பக்கத்துச் சட்டியில் வடை வேகும். வீட்டிலேயே சமைத்துத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டவர்கள் டீயோடு நகர்ந்துவிடுவார்கள். நேரமில்லாதவர்கள் பார்சல் வாங்குவார்கள். அந்தப் பார்சலைக் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் கட்டுவதை மதியம் ஏலச்செடி நிழலில் பிரிக்க வேண்டும். தேங்காய்ச் சட்னி அதுவரை தாங்காது. அதனால், வரமிளகாயும் புளியும் தூக்கலாக இருக்கிற காரச் சட்னிக்குத்தான் மவுசு. இட்லியோடு அதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கடைகளில் பலவற்றுக்கு மேப்பில் பெயர்கூட இருக்காது. அஞ்சு மணிக்கு இட்லி வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடுகிறவர் எங்கே உட்கார்ந்து ரிவ்யூ எழுதப்போகிறார்? ஆனால், அதைவிடக் கறாரான ரேட்டிங் இங்கே தினமும் நடக்கிறது. டூரிஸ்ட் ஒரு தடவை வருவார், போய்விடுவார். இவர்கள் நாளைக்கும் வர வேண்டும். மாவு புளிச்சுப்போனா, மறுநாள் ஜீப் முழுக்க அந்தப் பேச்சுதான்!

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் நின்று ரீல்ஸ் எடுக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கிற அக்கா ஜீப்பைத் தவறவிட்டால், அன்றைய கூலியே போச்சு. அவங்க வாங்கிட்டுப் போகட்டும், அப்புறம் எடுங்க.

'நாங்க வர்றதே சென்னை ரயில்லதானே, விடிஞ்சு ரொம்ப நேரம் ஆகியிருக்குமே' என்கிறீர்களா? உண்மைதான். 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில், 2023 ஜூன் 15-ல்தான் திரும்ப வந்தது. இப்போது சென்னையிலிருந்தே நேரடி ரயில் இருக்கிறது. காலையில் அதில் வந்து இறங்குகிறவர்களுக்கு, ஊரின் முதல் பந்தி முடிந்து இலை எடுத்த நேரம். ரெண்டாவது ஈட்டுத் தோசை கிடைக்கும், கவலை வேண்டாம். மதியச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டு பக்கம். மதுரைப் பக்கத்துக் கைப்பக்குவம்தான், குடல் குழம்பும் சுக்காவும். ஒரு மணிக்குள் போய்விடுங்கள். ரெண்டரைக்கு மேல் போனால் 'குழம்பு மட்டும்தான் இருக்கு' என்ற பதில்தான் கிடைக்கும். அனுபவம் பேசுது!

17 வளைவுக்கு அந்தப் பக்கம்

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலை ஏற்றம் ஆரம்பம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கீழே அரை வயிறு, மேலே மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டு, எல்லை ஊர். பனிமூட்டத்துக்குள் நின்றுகொண்டு சூடாக ஒரு டீ, ஒரு ஆம்லெட், அது போதும். இறங்கிப் பூப்பாறைக்குப் போங்கள். அங்கே தமிழும் மலையாளமும் ஒரே மேசையில் புழங்கும். ஒரு பக்கம் பரோட்டா, இன்னொரு பக்கம் மட்டை அரிசிச் சோறும் மோர்க்கறியும். இடுக்கிக்கென்றே ஒரு அயிட்டம் இருக்கிறது. 'எல்லும் கப்பயும்'. எள் இல்லை மக்களே, மலையாளத்தில் 'எல்லு' என்றால் எலும்பு! வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை, மசாலாவில் வெந்த மாட்டு நெஞ்செலும்போடு சேர்த்துக் கிளறித் தருவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆர்டர் பண்ணும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் கப்பையும் மீன் கறியும்கூட இந்தக் குளிருக்கு அம்சமாக இருக்கும்.

குரங்கணிப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டைக் கீழேயே கட்டிக்கொண்டு போங்கள். காட்டுக்குள் அடுப்பு, கேம்ப் ஃபயர், 'ஒரு சின்ன பார்பெக்யூதானே' எதுவும் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று இந்த மலையில் பரவிய தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடையில் இங்கே புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும்.

ஏலக்காய் டீ கேட்டு வாங்குங்க

ஏலக்காய்க்கு ஊரே பேர் போனது. அதற்காக எல்லா டீயிலும் ஏலக்காய் மணக்கும் என்று நினைக்காதீர்கள். ஏலக்காய் விலை அப்படி. மழை வெள்ளமும் வறட்சியும் விளைச்சலை அடித்துப்போட்டதில், 2019-ல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அதனால் வாய்விட்டுக் கேளுங்கள். "அண்ணே, ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு டீ." உங்கள் கண் முன்னால் தட்டிப் போட்டால், கூட நாலு காசு கொடுப்பதில் தப்பில்லை.

வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால், மசாலா வாரியத்தின் இணையதளத்தைத் திறந்து, போடியிலும் இடுக்கி மாவட்டத்தின் புத்தடியிலும் நடக்கிற மின்னணு ஏலத்தின் சராசரி விலையைப் பாருங்கள். பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. 8 மில்லிமீட்டர் காய்தான் முதல் தரம், விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். வீட்டு டீக்கும் பாயசத்துக்கும் அதைவிடச் சின்னக் காயே போதும், மணம் உள்ளிருக்கிற விதையில்தான். கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருந்தால் மட்டும் ஒரு சந்தேகம் வையுங்கள். ஈர டிஷ்யூவில் தேய்த்து, பச்சை ஒட்டினால் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சாயங்காலம் ஜீப்புகள் திரும்பி இறங்கும் நேரத்துக்குப் போடியில் இருங்கள். காலையில் பார்த்த அதே முகங்கள், இப்போது களைத்துப்போய் இறங்கும். ஒரு வடை, ஒரு டீ, வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம். காய் சீஸனில் கூட்டம் கூடும், அதற்கேற்ற மாதிரி பலகாரமும் கூடும். அதற்குள் பரோட்டாக் கடைகளில் கல் காய ஆரம்பித்திருக்கும். முதல் ஈடு பரோட்டா, மேலே சால்னா, பக்கத்தில் ஒரு கலக்கி. மதுரை ரயிலைப் பிடிக்கணும்னா பார்சல் சொல்லிடுங்க. சால்னாவைத் தனியா கட்டச் சொல்லுங்க. ஊத்தி வாங்கினீங்கன்னா, ஆண்டிப்பட்டி தாண்டுறதுக்குள்ள பரோட்டா ஊறிக் கூழாகிடும்.