புற்றரைக்கு மருந்தடிக்கும் முன்பு

சிட்னி மாநகரின் மேற்குப் புறநகர்களிலே வாடகைக்கு வீடெடுத்துக் குடியேறும் எமது குடும்பங்களுக்கு, வீட்டோடு சேர்ந்து ஒரு துண்டுப் புற்றரையும் பொறுப்பாக வந்து சேர்கின்றது. ஊரிலே முற்றத்தைக் கூட்டி மணல் தெரிய வைத்திருப்பதே அழகு. புல் முளைத்தால் செருக்கிவிடுவோம். இங்கோ புல் பசுமையாக நிற்கவேண்டும், அதனிடையே களை நிற்கக்கூடாது. வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலே, கட்டிய முற்பணம் முழுதாகக் கைக்கு வருமா என்பது இந்தப் புல்லிலும் தங்கியிருக்கின்றது.

இந்நாட்டுக்கு வந்த முதலாண்டில் நாம் இதனைப் பட்டறிந்தோம். அது கார்த்திகை மாதம். பின்வளவுக்கு வெறுங்காலுடன் ஓடிய பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்பினர். உள்ளங்கால்களில் முட்கள். இங்குள்ளோர் ‘பிண்டி’ என்றழைக்கும் சிறு களையின் வித்துக்கள் அவை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இக்களை எமது நெருஞ்சிக்கு உறவன்று. குத்துவதில் மட்டும் அதற்குக் குறைந்ததுமன்று. அன்றே கடைக்குச் சென்று, பிண்டியின் படம் பொறித்த களைநாசினிப் போத்தலொன்றை வாங்கிவந்து, வெயில் தணியுமுன்பே அடித்தோம். விரைவிற் சாகட்டும் என்றெண்ணி அளவையும் இரட்டித்தோம். பல்கலைக்கழகத்திலே பல்லாண்டு விரிவுரையாற்றிய நாம், போத்தலில் ஒட்டியிருந்த பொடியெழுத்துச் சுட்டுத்துண்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இரு வாரங்களில் புற்றரை மஞ்சளித்துச் சுருண்டது. வேலியோரத்துத் தக்காளிச் செடிகளின் இலைகள் முறுகித் திருகின. முட்களோ இருந்த இடத்திலேயே இருந்தன.

அயலில் வசித்த வன்னிக் கமக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். “தம்பி, போத்திலிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு பாத்தனீங்களோ?” என்று கேட்டார். நாம் பேசாதிருந்தோம். “எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. அதாலை பேரனைக் கூப்பிட்டு, முழுக்க வாசிப்பிச்சுக் கேட்டுப்போட்டுத்தான் மூடியைத் திறக்கிறனான்” என்றார்.

வாசிக்கத் தெரிந்த நாம் வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாத அவர் வாசிப்பித்துக் கேட்டார். பிற்பாடு நாம் அறிந்துகொண்டது யாதெனில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1999 ஆம் ஆண்டுப் பீடைநாசினிச் சட்டமும் அப்பெரியவர் செய்ததையே விதிக்கின்றது என்பதாகும். சுட்டுத்துண்டைத் தாமாக வாசித்தோ, பிறரைக்கொண்டு வாசிப்பித்தோ அறியாமல் எவரும் பீடைநாசினியைப் பயன்படுத்தலாகாது. ஆங்கிலம் அறியாமை இங்கே குற்றமன்று, கேளாமையே குற்றம்.

அன்று அச்சுட்டுத்துண்டை வாசித்திருந்தால் நாம் என்ன அறிந்திருப்போம்?

முதலாவது, எமது புல் எதுவென்பதை அறிந்தாகவேண்டும். வெப்பகாலத்தில் செழித்து, குளிர்காலத்தில் உறங்கும் புற்களே சிட்னியில் மிகுதி. அவற்றுள் முதன்மையானவை மூன்று: அகன்ற தடித்த இலையுடைய பஃபலோ, கிழக்காபிரிக்காவின் கிக்குயு, மெல்லிய இலையுடைய கூச். பிள்ளையாருக்குச் சாத்தும் எமது அறுகம்புல்லே இந்தக் கூச் என்பதறிந்து நாம் வியந்தோம்.

தேர்வுக் களைநாசினி என்பது சிலவற்றைக் கொன்று சிலவற்றை விட்டுவைப்பது. எமது நெல்வயல்களில் அடித்த எம்.சி.பி.ஏ. இவ்வகையினதே. 2,4-டி, டைகம்பா என்பனவும் அவ்வாறே தாவர வளர்ச்சி ஓமோனைப் போல நடித்து, அகன்ற இலைக் களைகளை நெறிகெட வளரச்செய்து மாய்ப்பன. ஆயினும் இத்தேர்வு முழுமையானதன்று. டைகம்பா கலந்தவற்றைக் கூச் தாங்கும், பஃபலோ வாடும். பஃபலோவுக்கென்று புரோமொக்சினில் கலந்த மருந்துகள் தனியே விற்கப்படுகின்றன. அளவு மீறினாலோ, கடும் வெயிலில் அடித்தாலோ தாங்கும் புல்லும் வாடக்கூடும். கிளைபோசேற்று வகையோ தேர்வறியாதது. களையோடு புற்றரையையும் சேர்த்தே கொல்லும்.

இரண்டாவது, காலம். பிண்டி குளிர்காலத்தில் வளர்ந்து, வசந்தத்தில் முள்ளாகி, கோடையில் தானே மடிவது. ஆகவே முள் தோன்றுமுன், ஆனி முதல் ஆவணி வரையுள்ள குளிர்நாட்களிலேயே அடிக்கவேண்டும். முள் முற்றியபின் அடித்தால் செடி சாகும், முள் எஞ்சும். நாலைந்து செடிகளாயின் மருந்தே வேண்டாம்; கையாற் பிடுங்கலாம்.

கோரைக்கு மட்டும் இது பொருந்தாது. ஊரில் எம்மை வருத்திய அதே கோரை இங்கும் உண்டு. இழுத்தால் தலை அறும், நிலத்தடிக் கிழங்குகள் மீண்டும் முளைக்கும். அது புல்லினமன்று, அதற்கென அலோசல்பியூரன் எனும் தனி மருந்துண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் பொறுக்கவேண்டும்.

மூன்றாவது, அடிக்கும் முறை. காற்றில்லாத காலை நேரம் ஏற்றது. முழுக்கைச் சட்டை, கையுறை, மூடிய சப்பாத்து அவசியம். மருந்தை அளக்கும் பாத்திரம் குசினிக்குத் திரும்பலாகாது. களைநாசினி அடித்த தெளிகருவியைக் காய்கறிக்குப் பயன்படுத்தலாகாது. தக்காளியும் அவரையும் அதன் சிறு எச்சத்துக்கே வாடும். டைகம்பாவை மரங்களின் வேர்களும் உறிஞ்சுமாதலின், ஆசையோடு வளர்க்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் எட்ட நிற்கவும். மருந்தடித்த புல்லை வெட்டித் தோட்டத்துக்குப் பசளையாக இடவேண்டாம். மிச்சத்தை வீதிக் கானில் ஊற்றவேண்டாம். மழைநீரோடு அது ஓடைக்கே செல்லும். அடித்த இடம் நன்கு காயும்வரை பிள்ளைகளை உள்ளே வைத்திருங்கள்.

இறுதியாக ஒன்று. களைநாசினியை வேறு போத்தலுக்கு மாற்றவேண்டாம். அனுமதிபெற்ற சுட்டுத்துண்டில்லாத கொள்கலனில் வைத்திருப்பதையும் இம்மாநிலச் சட்டம் தடைசெய்கின்றது. மருந்துப் போத்தலொன்று ஒரு குடும்பத்தை எவ்வாறு உலுப்பும் என்பதை எமது மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தது நஞ்சென்று சிறு பிள்ளைக்குத் தெரியாது. தவறி எவரேனும் அருந்திவிட்டால், தாமாக வாந்தியெடுக்கச் செய்யாமல், 13 11 26 எனும் நஞ்சுத் தகவல் நிலையத்தை உடனே அழையுங்கள்; இரவு பகலாக விடை கிடைக்கும். மயங்கி விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ 000. தமிழில் பேச 13 14 50 மூலம் மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். அதிலுள்ள பெயரையே அவர்கள் முதலிற் கேட்பர்.

புல் வெட்டும் தொழிலுக்குப் போகும் எமது இளைஞர்களுக்கும் ஒரு சொல்: முதலாளி தெளிகருவியைக் கையில் தந்தால், சுட்டுத்துண்டையும் பயிற்சியையும் கேளுங்கள். கேட்பதற்கு நாணவேண்டாம்.

எமது முற்பணத்தில் ஒரு பகுதி அவ்வாண்டு கழிந்தது. அதனை நாம் பாடத்துக்குக் கட்டிய கட்டணமாகக் கொண்டோம். இப்போது ஆனி பிறந்ததும் மகளை அழைத்து, கதிரையில் அமர்ந்து, அவள் வாசிக்க முழுவதையும் கேட்கின்றோம். அதன் பின்பே மூடியைத் திறக்கின்றோம்.